இரண்டாம் முறை கேட்ட கேள்வி

1991ஆம் வருஷம். மூன்றாம் வகுப்புக் கழித்தல் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையனுடைய நோட்டில் மூன்று கணக்கு. 52இல் 28 போனால் 36 என்று போட்டிருந்தான். 63இல் 47 போனால் 24. 71இல் 36 போனால் 45. மூன்றும் தப்பு. சிவப்பு மையில் மூன்று பெருக்கல் குறி போட்டு, அடியில் "கவனமாகச் செய்" என்று எழுதி, நோட்டை அடுக்கில் வைத்துவிட்டேன்.

மத்தியானம் பிள்ளைகள் சத்துணவுக்கு வரிசையில் நின்றபோது ஏதோ உறுத்தி அதே நோட்டை மறுபடி எடுத்தேன். கவனக்குறைவு எதுவும் அதில் இல்லை. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சின்னதைக் கழித்திருந்தான். 52க்கு 28 என்றால், 8இல் 2 போக 6, 5இல் 2 போக 3. மூன்று கணக்கிலும் ஒரே வழி, ஒரு இடத்திலும் பிசகவில்லை. கூப்பிட்டு, "ஏன் கண்ணு இப்படிப் போட்டே?" என்று கேட்டேன். "நீங்கதான டீச்சர் சொன்னீங்க, பெரிய நம்பர்லேர்ந்துதான் சின்ன நம்பரக் கழிக்கணும்னு" என்றான்.

சொன்னது நான்தான். விழுப்புரம் பக்கம் ஈராசிரியர் பள்ளி அது. அவனுக்கு ஒன்றாம் வகுப்பிலும் நான்தான் டீச்சர். ஒற்றை இலக்கக் கழித்தல் நடத்தும்போது அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சொல்லை இரண்டு வருஷம் மறக்காமல் வைத்திருந்த பிள்ளைக்கு நான் கொடுத்தது மூன்று சிவப்புக் குறி.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் தெருவில் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண், அவ்வப்போது கைடைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவாள். அந்தத் தேர்வில் குழந்தை மேம்பாட்டுக்கு 30 கேள்வி. பியாஜேவுக்கு நான்கு பருவம், எரிக்சனுக்கு எட்டு நிலை, கோல்பர்க்குக்கு மூன்று மட்டம் ஆறு நிலை என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். பயிற்சிப் பள்ளியில் நானும் அப்படித்தான் ஒப்பித்தேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். போன மாதம் அவள் கைடை மூடி வைத்துவிட்டு, "இதெல்லாம் வகுப்புல எதுக்குப் பெரியம்மா உதவும்?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பையனின் நோட்டு எனக்குக் காட்டியதை, பாரிஸில் 1920 வாக்கில் ஓர் இளைஞர் பார்த்துவிட்டார். ஜான் பியாஜே, 1896இல் சுவிட்சர்லாந்தின் நூஷத்தெல் நகரில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே நத்தை, சிப்பி என்று மெல்லுடலிகள் மேல் பித்து. 1918இல் அவர் வாங்கிய முனைவர் பட்டமும் மெல்லுடலிகளைப் பற்றிய ஆய்வுக்குத்தான். பிறகு பாரிஸுக்குப் போனார். புத்திக்கூர்மைச் சோதனையை உருவாக்கிய பினேவின் கூட்டாளி சிமோன் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். இங்கிலாந்தில் தயாரான சில கேள்விகளைப் பாரிஸ் பிள்ளைகளிடம் கேட்டு, எந்த வயதுப் பிள்ளை எத்தனைக்குச் சரியாகச் சொல்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். அலுப்பான வேலை. பியாஜேவுக்குச் சரியான விடைகளில் நாட்டம் இல்லை. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரியான தப்பைச் செய்வதை அவர் கவனித்தார். அந்தத் தப்பு பெரியவர்கள் செய்யும் தப்பு மாதிரியும் இல்லை. அப்படியானால் குழந்தை என்பது குறைவாகத் தெரிந்த பெரிய மனுஷன் அல்ல, அது வேறு விதமாக யோசிக்கிறது என்று அவருக்குப் பட்டது. விடையைக் குறித்துக்கொண்டு நகராமல், "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று பிள்ளைகளோடு பேச ஆரம்பித்தார். அறுபது வருஷ உழைப்புக்கு அந்த "ஏன்"தான் விதை.

1921இல் ஜெனீவாவுக்கு வந்தார். கல்யாணம் ஆகி, இரண்டு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள். அவரும் மனைவி வாலன்டீனும் அந்த மூன்று குழந்தைகளையும் பிறந்த நாளிலிருந்து பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதினார்கள். குழந்தை ஆசையாகப் பார்க்கும் பொருளை அதன் கண்ணெதிரே துணியால் மூடுவார். சில மாதக் குழந்தை துணியைத் தூக்கிப் பார்ப்பதில்லை, பொருள் இல்லாமலே போய்விட்டதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். எட்டு ஒன்பது மாதத்தில் துணியை இழுக்கும். பார்வைக்கு மறைந்தாலும் பொருள் அங்கேதான் இருக்கிறது என்பதையே குழந்தை கட்டிக்கட்டித்தான் அறிய வேண்டியிருக்கிறது என்றார் பியாஜே. நம் வீடுகளில் முந்தானையால் முகத்தை மூடிக் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிறோமே, அந்தச் சிரிப்புக்குள் இவ்வளவு இருக்கிறது.

அவர் சோதனைகளில் தண்ணீர்ச் சோதனைதான் எல்லாருக்கும் தெரிந்தது. அதை நானே செய்திருக்கிறேன், என் ஒன்றாம் வகுப்பில். ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளரில் ஒரே அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். "ரெண்டுலயும் சமமா இருக்கா?" "இருக்கு டீச்சர்." ஒரு டம்ளர்த் தண்ணீரை அவர்கள் கண் முன்னாலேயே ஒல்லியான உயரக் கண்ணாடிக் குவளைக்கு மாற்றினேன். "இப்ப?" கிட்டத்தட்ட வகுப்பே சேர்ந்து, கண்ணாடியில்தான் நிறைய என்று கத்தியது. ஒரு துளி சேர்க்கவில்லை, ஒரு துளி சிந்தவில்லை. உயரம் ஏறியதைப் பார்க்கும் கண், அகலம் குறைந்ததையும் கூடவே வைத்துப் பார்க்கவில்லை. ஏழு வயதுக்கு மேல்தான் பிள்ளைகள், "அதே தண்ணிதான, திருப்பி ஊத்துனா சமமாயிடும்" என்று சிரிக்கிறார்கள். மனசுக்குள்ளேயே திருப்பி ஊற்றிப் பார்க்க அதற்குள் வந்துவிடுகிறது.

கைடில் உள்ள அட்டவணை இதுதான். இரண்டு வயது வரை தொட்டு, கடித்து, பிடித்து அறிவது புலன் இயக்கப் பருவம். ஏழு வரை, சொல்லும் கற்பனையும் பெருகினாலும் கண்ணுக்குப் பட்டதே உண்மை. பதினொன்று வரை, கையில் பொருள் இருந்தால் முறையாக யோசிக்க முடியும். அதற்குப் பிறகு, இல்லாததைப் பற்றியும் "அப்படி இருந்தால்" என்று யோசிக்கலாம். வயதுக் கோடுகளை இரும்புக் கம்பி மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். பியாஜேவுக்கும் வயதைவிட வரிசைதான் முக்கியம்.

தண்ணீர்ச் சோதனையில் ஒரு சிக்கல் இருந்ததைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். என் வகுப்பில் நான் என்ன செய்தேன்? "சமமா இருக்கா?" என்று கேட்டேன், பிள்ளைகள் சொன்னார்கள். தண்ணீரை மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டேன். டீச்சர் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு என்ன அர்த்தம்? முதலில் சொன்னது தப்பு, மாற்றிச் சொல்லு என்று அர்த்தம். கரும்பலகையில் சரியாக எழுதிய பிள்ளையிடம் "சரியா பாத்துச் சொல்லு" என்று நான் சாதாரணமாகச் சொன்னதும், அது அவசர அவசரமாக அழித்ததை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

1974இல் அமெரிக்காவில் ரோஸ், பிளாங்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முதல் கேள்வியை விட்டுவிட்டு, மாற்றிய பிறகு மட்டும் ஒரே ஒரு முறை கேட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் செய்த தப்பு குறைந்தது. அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மக்கரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் ஒரு குறும்புக் கரடி பொம்மையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வரிசையில் சமமாகக் காய்கள் வைத்திருக்கும். கரடி பெட்டியிலிருந்து குதித்து வந்து, "விளையாட்டைக் கெடுக்கிறேன் பார்" என்பதுபோல ஒரு வரிசையைக் கலைத்துப்போடும். அதன் பிறகு, எதில் நிறைய இருக்கிறது என்று கேட்டால், நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சமம்தான் என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே வரிசையை மாற்றிவிட்டுக் கேட்டால், அந்த மாற்றத்தில் ஏதோ சேதி இருக்கிறது என்று குழந்தை நினைக்கும். கரடி கலைத்தது வெறும் குறும்பு. குழந்தை தண்ணீரையும் காய்களையும் மட்டும் பார்ப்பதில்லை. கேட்பவரின் முகத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் பதில் சொல்கிறது.

துணிச் சோதனையும் தப்பவில்லை. 1987இல் பையார்ஜோன் என்ற ஆய்வாளர் கைக்குழந்தைகளிடம் எதையும் கேட்காமலே சோதித்தார். ஒரு பெட்டிக்கு முன்னால் தட்டி ஒன்று சாய்ந்து பின்னால் போகும். பெட்டி இருக்கும் இடத்தில் தட்டி முட்டி நிற்க வேண்டும். நிற்காமல் பெட்டிக்குள் புகுந்து போவதுபோலக் காட்டினால், நாலரை மாதக் குழந்தைகள் வெகுநேரம் அதையே பார்த்தன. மறைந்த பெட்டி அங்கே இருக்கிறது என்ற எதிர்பார்ப்பு அந்தக் குழந்தைக்கு இருந்திருக்க வேண்டும். துணியை இழுக்கக் கை வராததை, தெரியவில்லை என்று பியாஜே எடுத்துக்கொண்டார் போலும். இதனால் அவர் சிறுத்துப்போகவில்லை. தப்பு விடைக்குள் காரணம் தேடச் சொன்னவர் அவர்தான். அவர் கண்ட விடைகளுக்குள்ளும் பின்னால் வந்தவர்கள் அதையே தேடினார்கள்.

பியாஜே பிறந்த அதே 1896இல், இப்போது பெலாரஸ் என்கிற நாட்டில் ஓர்ஷா என்ற ஊரில், யூதக் குடும்பமொன்றில் லெவ் வைகாட்ஸ்கி பிறந்தார். கோமெலில் வளர்ந்து, மாஸ்கோவில் சட்டம் படித்து, இலக்கியத்தில் தோய்ந்து, பிறகு உளவியலுக்கு வந்தவர். அவரைக் காசநோய் அரித்துக்கொண்டே இருந்தது. சிந்தனையையும் மொழியையும் பற்றிய அவருடைய பெரிய நூலின் கடைசிப் பகுதியைப் படுக்கையில் கிடந்தபடி சொல்லி எழுதவைத்தார். 1934 ஜூனில் இறந்தபோது வயது 37. நூல் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. இரண்டே வருஷத்தில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் ஓர் ஆணையால் அவருடைய எழுத்துகள் ஒதுக்கப்பட்டு, இருபது வருஷம் போல இருட்டில் கிடந்தன. 1962இல் அந்த நூல் ஆங்கிலத்தில் வந்தபோது, தன்னோடு வாதாடிய அந்தச் சகாவை இவ்வளவு தாமதமாகப் படிக்க நேர்ந்ததே என்று பியாஜே வருந்தி எழுதினார். இந்த இரண்டு பேரும் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசியிருக்கக் கூடாதா என்று எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கும்.

அவர்கள் வாதாடிய விஷயங்களில் ஒன்று, குழந்தை தனக்குத்தானே பேசிக்கொள்வது. நான்கு ஐந்து வயதுப் பிள்ளை விளையாடும்போது, யாரும் கேட்காவிட்டாலும் பேசிக்கொண்டே இருக்கும். அடுத்தவர் பக்கத்திலிருந்து பார்க்கத் தெரியாததன் அடையாளம், வளர்ந்தால் தானே உதிர்ந்துவிடும் என்றார் பியாஜே. உதிர்வதில்லை, உள்ளே போகிறது, போய் யோசனையாகிறது என்றார் வைகாட்ஸ்கி. சோதித்தும் பார்த்தார். படம் வரையும் பிள்ளைக்கு வேண்டிய பென்சில் இல்லாமல் செய்வார். தடங்கல் வந்ததும் அந்தப் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஐந்தரை வயதுக் குழந்தை ஒன்று டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தது. சக்கரம் போடும்போது பென்சில் முனை முறிந்தது. "உடைஞ்சிருச்சு" என்று முணுமுணுத்துவிட்டு, வர்ணத்தை எடுத்து, விபத்தில் உடைந்த டிராம் வண்டியாகவே படத்தை மாற்றிவிட்டது. வாயில் வந்த ஒரு சொல்லே அடுத்த காரியத்துக்கு வழி காட்டிவிட்டது.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. "வாய மூடிட்டு எழுது" என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண், ஒவ்வொரு எழுத்தையும், "மேல போயி, சுழிச்சு, கீழ எறங்கி" என்று சொல்லிச் சொல்லி எழுதுவாள். அவளை அடக்கியதும் எழுத்து கோணிப்போனது. அவள் சத்தம் போடவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள்.

வைகாட்ஸ்கி என்றதும் பரீட்சையில் வருவது அண்மை வளர்ச்சி மண்டலம். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. ஒரு பிள்ளை தனியாக எதைச் செய்யும் என்பது ஒரு கோடு. தெரிந்தவர் ஒருவர் கொஞ்சம் கை கொடுத்தால் எதுவரை செய்யும் என்பது இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் அந்த மண்டலம், சொல்லிக்கொடுக்க வேண்டிய இடமும் அதுதான். நம் பரீட்சை முதல் கோட்டை மட்டும் அளக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் குழு குழுவாகத் தரையில் உட்கார்ந்தார்கள். டீச்சர் உதவியோடு படிக்கிற குழு, கூடப் படிக்கும் பிள்ளை சொல்லிக்கொடுக்கிற குழு, தானாகப் படிக்கிற குழு என்று பிரித்தோம். அட்டைகளை அடுக்கி மாளவில்லை என்று நாங்கள் அலுத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் சுவரோரம் தாழ்வாகப் பதித்த கரும்பலகையில், ஐந்தாம் வகுப்புப் பெண் ஒன்றாம் வகுப்புப் பையனின் கையைப் பிடித்து எழுதப் பழக்காமல், முதல் கோட்டை மட்டும் போட்டுவிட்டு, "மீதிய நீ போடு" என்று காத்திருந்ததைப் பார்த்தேன். எவ்வளவு உதவ வேண்டும், எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

கழித்தல் பையனுக்கு வருகிறேன். அவன் ஆயா வியாழக்கிழமைச் சந்தையில் காய் விற்பார். ஒரு லீவு நாளில் போனேன். ஆயா டீ குடிக்கப் போயிருந்தார், கடையில் அவன்தான். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சேர்த்து ஆறு ரூபாய் ஐம்பது காசு ஆயிற்று. இருபது ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். அவன் என் கையில் சில்லறையை வைத்துக்கொண்டே வந்தான். "ஆறரை, இந்தாங்க ஏழு," ஐம்பது காசு. "பத்து," மூன்று ரூபாய். "இருபது," பத்து ரூபாய் நோட்டு. பதிமூன்றரை ரூபாய் என் கைக்கு வந்துவிட்டது. கடன் வாங்கவில்லை, பக்கத்து இலக்கத்தைத் தொடவில்லை. கீழிருந்து கூட்டிக்கொண்டே போய்க் கழித்துவிட்டான். என் வகுப்பில் அவன் கணக்கு வராத பிள்ளை.

பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் இதே விஷயத்தை மூன்று ஆய்வாளர்கள் 1985இல் எழுதியிருக்கிறார்கள். தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் மாதிரிப் போய்க் கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 சரியாக வந்தது. பிறகு அதே கணக்குகளைத் தாளில், எண்ணும் குறியுமாக எழுதிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 37தான் வந்தது. அதையே கதைக் கணக்காக மாற்றிக் கேட்டால் 74. ஒரே பிள்ளை, ஒரே கணக்கு. அறிவு தலைக்குள் மட்டும் வளர்வதில்லை, செய்யும் காரியத்தோடும் பழகும் மனிதரோடும் சேர்ந்து வளர்கிறது என்று வைகாட்ஸ்கியின் வழியில் வந்தவர்கள் சொல்வதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது? சந்தைக்குப் போய் வந்த மறுநாள் கரும்பலகையில் காய்க்கடை போட்டேன். 52 ரூபாய் கொடுத்தேன், 28 ரூபாய்க்குக் காய், மீதி எவ்வளவு? "இருபத்தெட்டு, இந்தாங்க முப்பது, அம்பது, அம்பத்திரெண்டு" என்று எண்ணி, 24 என்றான். அன்றைக்கு நோட்டில் 36 என்று எழுதியது நினைவுக்கு வந்தது போல, கரும்பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

விடையைத் தப்பாகப் படிப்பது கணக்கில் மட்டும் நடப்பதில்லை. ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் அழுகைச் சத்தம் காதைப் பிளக்கும். மூன்றாம் நாள் நான்காம் நாள் ஓய்ந்துவிடும். "பழகிட்டாம்மா, நீங்க போங்க" என்று அம்மாக்களை அனுப்பிவிடுவேன். அப்படி அழுகையை நிறுத்திய ஒரு பெண்குழந்தை, நாள் முழுக்கப் பையை மடியிலேயே வைத்திருந்தாள். இறக்கி வைக்கச் சொன்னால் வைக்க மாட்டாள். சத்துணவுத் தட்டைத் தொடமாட்டாள். சமர்த்துப் பிள்ளை என்று எழுதிவைத்தேன்.

லண்டனில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் இந்த மௌனத்தைத்தான் ஆராய்ந்தார். வசதியான வீட்டில் பிறந்தவர். அக்கால வழக்கப்படி அம்மாவை ஒரு நாளில் ஒரு மணி நேரம் போலத்தான் பார்ப்பார், வளர்த்தது ஒரு தாதி. நான்கு வயதுக்குள் அந்தத் தாதி வேலையை விட்டுப் போனது அவருக்கு ஆறாத காயம். அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் ஒரு சினிமாப் படம் எடுத்தார். லாரா என்கிற இரண்டரை வயதுக் குழந்தை, தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். அம்மா கூட இருக்க அன்றைக்கு அனுமதி கிடையாது, வந்து பார்த்துவிட்டுப் போகலாம். லாரா பெரிதாக அழுவதில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, பொம்மையைக் கட்டிக்கொண்டு, அம்மா எங்கே என்று மெல்லக் கேட்கிறாள். நாள் போகப் போக, வந்த அம்மாவிடமிருந்தே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கை இழப்பு, பிறகு விலகல் என்று பௌல்பியும் ராபர்ட்சனும் பிரித்துச் சொன்னார்கள். அடங்கிய குழந்தையைப் பழகிய குழந்தை என்று நம்பிய மருத்துவர்களுக்கு அந்தப் படம் கோபத்தைத்தான் வரவைத்தது. ஆனால் 1959இல் பிரிட்டனில் ஓர் அரசுக் குழு, பிள்ளைகளைப் பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று குழந்தைகள் வார்டில் கட்டிலோரம் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லாரா நினைவு வரும்.

இதே பிரிவை ஆராய்ந்த மேரி எய்ன்ஸ்வொர்த் முதலில் உகாண்டாவின் கிராமங்களிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய் சேய்களைப் பார்த்து, இருபது நிமிஷச் சோதனை ஒன்றை வகுத்தார். ஒரு வயதுக் குழந்தையைப் புது அறையில் விட்டு அம்மா சற்று நேரம் வெளியே போய்த் திரும்புவார். அம்மா போனதும் அழுகிறதா என்பதைவிட, அம்மா வந்ததும் என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம். ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, தேறி, மறுபடி விளையாடப் போகும் குழந்தை நெருக்கத்தை நம்புகிறது. ஒட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் சிணுங்குவது ஒரு வகை. அம்மா வந்ததையே கவனிக்காததுபோல் பொம்மையோடு இருப்பது இன்னொரு வகை. பின்னாளில் இந்த மூன்றாம் வகைக் குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்தார்கள், அது ஏறித்தான் இருந்தது. முகம் மட்டும்தான் அமைதி. இந்தச் சோதனையும் எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. ஜப்பானில், அம்மாவை விட்டுப் பிரிந்து பழகாத குழந்தைகள் பல அந்த அறையில் தேற்றவே முடியாதபடி அழுதன. கை மாறிக் கை, மடி மாறி மடி வளரும் நம் வீட்டுக் குழந்தைக்கும், அறையில் தனியாக விடுவது என்றாலே வேறு அர்த்தமாக இருக்கலாம்.

பையை மடியில் வைத்திருந்த பெண்ணின் அம்மாவிடம், தினம் ஒரு மணி நேரம் வேப்பமரத்தடியில், ஜன்னலிலிருந்து தெரியும்படி உட்காரச் சொன்னேன். கூலி போகும் என்று தயங்கினாலும் வந்தார். முதல் நாள் அம்மாவைப் பார்த்ததும் அந்தக் குழந்தை அலறி அழுதது. எனக்கு அது நல்ல சேதி. இரண்டு வாரத்தில் பை தரைக்கு வந்தது.

கைடில் உள்ள கோல்பர்க்கைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். சிகாகோவில் 1958இல் முடித்த ஆய்வில் அவர் பையன்களிடம் மட்டும் ஒரு கதை சொல்லிக் கேட்டார். சாகக் கிடக்கும் மனைவிக்கு மருந்து, வாங்கக் காசில்லை, கடைக்காரர் இறங்கி வரவில்லை. கணவன் திருடலாமா? விடையைவிட, அதற்குச் சொல்லும் காரணத்தை வைத்து ஒழுக்க வளர்ச்சியை ஆறு படியாக அடுக்கினார். அவரோடு வேலை செய்த கரோல் கில்லிகன் 1982இல் எழுதிய நூலில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். திருட வேண்டாம், ஆனால் மனைவியும் சாகக் கூடாது, கடைக்காரரிடம் இன்னும் பேசிப் பார்க்கலாம், வேறு வழி இருக்கும் என்கிறாள். ஆம் அல்லது இல்லை என்ற விடைக்குக் காத்திருந்தவர் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவள் குரல் தளர்ந்துகொண்டே போகிறது, தன் விடையே தப்போ என்று சந்தேகப்படுகிறாள். படியில் அவளுக்குக் கிடைத்தது கீழ் இடம். கேள்வி கேட்டவருக்குக் காதில் விழாத விடை அது என்றார் கில்லிகன். எடின்பரோவின் பிள்ளைகளும் இந்தப் பெண்ணும் எனக்குப் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

எரிக்சனை மனப்பாடம் செய்தபோது எனக்கு 20 வயது, எட்டாம் நிலை யாருக்கோ என்று இருந்தது. இப்போது அதில் நான் இருக்கிறேன். பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை தெரியாமல் போன மனிதர் அவர். அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது தனக்குத்தானே எரிக்சன் என்ற பெயரை வைத்துக்கொண்டார். "நான் யார்" என்பதை இளம்பருவத்தின் தலையாய கேள்வியாக அவர் வைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். வளர்ச்சி இருபது வயதோடு நிற்பதில்லை, கடைசி மூச்சு வரை உண்டு என்று 1950இல் அழுத்திச் சொன்னார். பின்னால் அகமதாபாத் வந்து, 1918 மில் வேலைநிறுத்தத்தின்போது நடுவயதிலிருந்த காந்தியை வைத்து நூல் எழுதினார். முதுமையில், வாழ்ந்தது போதும் சரிதான் என்ற நிறைவும் வீணாய்ப் போயிற்றே என்ற கசப்பும் மல்லுக்கு நிற்கும் என்கிறார். மூன்று சிவப்புக் குறிகள் எனக்கு அந்தக் கசப்புப் பக்கத்தில் இருக்கின்றன, வேப்பமரத்தடி மறுபக்கம்.

போன வாரம் பேத்தியோடு இரவு பஸ்ஸில் வந்தேன். ஐந்து வயது. ஜன்னலில் மூக்கை அழுத்தி, "பாட்டி, நிலா நம்ம கூடவே வருது" என்றாள். பியாஜே கேட்ட பிள்ளைகளும் இதையே சொன்னார்கள். நிலா எங்கும் போகவில்லை, நாம்தான் போகிறோம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. "எப்படிக் கண்ணு தெரியும்?" என்று மட்டும் கேட்டேன். "நாம நின்னா நிக்குது, போனா வருது." சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் எதிரே ஒரு பஸ் விளக்கடித்துக்கொண்டு கடந்து போனது. திரும்பி அதையே பார்த்தாள். அப்புறம் நிலாவைப் பார்த்தாள். "அந்த பஸ்ஸுல போறவங்க கூடயும் நிலா போவுமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. "அவங்க அந்தப் பக்கம்... நாம இந்தப் பக்கம்..."

எங்கள் நிறுத்தம் வந்து இறங்கினோம். அவள் இரண்டடி முன்னால் நடந்தாள், நின்றாள், மேலே பார்த்தாள். திரும்பி இரண்டடி பின்னால் நடந்தாள், மறுபடி மேலே பார்த்தாள். பையைத் தரையில் வைத்துவிட்டு நான் நின்றுகொண்டிருந்தேன்.